கனடாவில் தம்பி வாங்கிய கார்: விண்டர் டயரும் ரிம்மும் பொருந்துவது எப்படி?

கேள்வி: 2024 அக்டோபர் 9, நாகர்கோவில் வடசேரியிலிருந்து

அண்ணாச்சி, என் தம்பி மான்ட்ரியாலில் மேற்படிப்புப் படிக்கிறான். ஓடிய கார் ஒன்றை, 2014ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக், வாங்கியிருக்கிறான். அதில் இப்போது 205/55R16 டயர் இருக்கிறது. அங்கே குளிர்காலத்துக்குத் தனி டயர் கட்டாயமாம். ஒருவர் தம் மஸ்தா 3 காரில் போட்டிருந்த விண்டர் டயர்களை நான்கு இரும்பு ரிம்மோடு சேர்த்து மலிவாகத் தருகிறார். அதிலும் 205/55R16 என்றே எழுதியிருக்கிறது. ரிம்மில் ஐந்து ஓட்டை, ஓட்டை வட்டம் இரண்டுக்கும் 114.3 மில்லிமீட்டர். டயர் அளவும் ஒன்று, ஓட்டையும் ஒன்று என்றால் அப்படியே மாட்டிவிடலாம் என்பது என் எண்ணம். சரிதானே?

2024 அக்டோபர் 9, இரவு

தம்பி, பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம் என்று இன்றிரவே உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அந்த ரிம்மை மாட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு அளவுகளும் சரியாக இருந்தும், அது சிவிக்கின் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் அச்சுத் தலையில், முறையாக உட்காராது. மான்ட்ரியாலில் ஒரு டயர் பட்டறையில் பல குளிர்காலங்கள் வேலை செய்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பியவன் நான். பிசிடி, அதாவது ஓட்டை வட்டத்தின் விட்டம், ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்கி வந்தவர்களைத்தான் அங்கே அதிகம் பார்த்தேன்.

நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் உங்கள் தம்பி மூன்று படங்கள் எடுத்து அனுப்பட்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் டயர் சீட்டு, ரிம்மின் பின்புறத்தில் அச்சடித்திருக்கும் எண்கள், டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள்.

2024 அக்டோபர் 10

டயரில் உள்ள எழுத்தை முதலில் முடித்துவிடுவோம். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதற்குப் பின் வரும் 89H அல்லது 91T போன்ற குறியைப் பலர் படிப்பதே இல்லை. 89 என்றால் அந்த டயர் 580 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து வேகம்: T மணிக்கு 190 கிலோமீட்டர், H 210. விண்டர் டயரில் வேக எழுத்து ஒரு படி இறங்குவதை ஏற்கிறார்கள். எடை எண் மட்டும் கதவுச் சீட்டில் உள்ளதற்குக் கீழே இறங்கக் கூடாது.

இனி ரிம். ஐந்து நட்டுகளும்தான் சக்கரத்தை நடுவில் பிடித்து வைக்கின்றன என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இந்த வகைக் கார்களில் அந்த வேலையைச் செய்வது ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டமான விளிம்பு. நட்டுகள் இறுக்கிப் பிடிப்பதற்கு மட்டுமே. சிவிக்கின் ஹப் விளிம்பு 64.1 மில்லிமீட்டர், மஸ்தா ரிம்மின் நடு ஓட்டை 67.1 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு, அதாவது சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. ரிம் எளிதாக உள்ளே போய்விடும், நட்டுகளும் ஏறிவிடும், முற்றத்தில் நின்று பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. நெடுஞ்சாலையில் 80, 90 என்று வேகம் ஏறும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும்.

அப்போது எல்லோரும் செய்வது, வீல் பேலன்சிங் போடச் செல்வது. பேலன்சிங் இயந்திரம் ரிம்மைத் தன் கூம்பில் வைத்து நடுவாக்கிக்கொள்கிறது. எனவே இயந்திரத்தில் எல்லாம் பூஜ்யம் என்று காட்டும். காரில் மாட்டியதும் சக்கரம் மறுபடியும் நடுவிலிருந்து விலகி நிற்கும், நடுக்கமும் அப்படியே இருக்கும். ஒரே குறைக்காக மூன்று முறை பேலன்சிங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள் உண்டு. ரிம்மைக் கழற்றி நடு ஓட்டையில் கையை வைத்தவுடனே விடை கிடைத்துவிடும்.

இதற்குத் தீர்வும் எளிது. வெளி விட்டம் 67.1, உள் விட்டம் 64.1 என்ற அளவில் ஹப் வளையம் தனியாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதைப் போட்டால் இடைவெளி அடைபடும். தலைகீழாக நினைத்துப் பாருங்கள்: ஹோண்டா ரிம்மை மஸ்தாவில் போட வழியே இல்லை. 64.1 ஓட்டைக்குள் 67.1 விளிம்பு நுழையாது.

2024 அக்டோபர் 10, மாலை

நட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். என் கணக்கில் நடு ஓட்டையைவிட இதுதான் ஆபத்தானது.

ஹோண்டா கார்களோடு வரும் நட்டின் உட்காரும் முகம் உருண்டையானது. மஸ்தா ரிம்மில் நட்டு உட்காரும் குழி கூம்பு வடிவம். இரண்டின் மரையும் 12 மில்லிமீட்டர், 1.5 இடைவெளி; ஆகவே ஹோண்டா நட்டு மஸ்தா ரிம்மில் தடையில்லாமல் ஏறி, இறுகியது போலவே நிற்கும். பட்டறையில் இப்படி வந்த ஒரு காரின் நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகம் முழுவதும் கறுப்பாகத் துருவேறியிருக்க, நூல் கனத்தில் ஒரே ஒரு வளையம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அந்தச் சக்கரத்தை அத்தனை நாளும் பிடித்து வைத்திருந்தது அந்த நூல் கனம்தான். குழியின் விளிம்பு நசுங்கி, நட்டு விரலாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

ஆகவே மஸ்தா ரிம்மை வாங்கினால், அதற்குரிய கூம்பு முக நட்டு இருபதையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய ஹோண்டா நட்டுகளை ஒரு பையில் கட்டி, கோடைக்காலத்தில் பழைய ரிம் திரும்ப ஏறும்போது எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

2024 அக்டோபர் 11

முதல் இரண்டு படங்கள் வந்துவிட்டன என்று எழுதியதற்கு நன்றி. ரிம்மின் பின்புறம் ‘ஈடி 50’ என்று இருக்கிறது. சிவிக்கின் சொந்த ரிம்மில் அது 45. இந்த எண், ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எண் கூடினால் சக்கரம் உட்பக்கம் போகும், குறைந்தால் வெளியே வரும். இங்கே ஐந்து மில்லிமீட்டர் உள்ளே போகிறது. ரிம்மின் அகலம் இரண்டிலும் ஆறரை அங்குலமே என்பதால் இது பெரும்பாலும் தொந்தரவு தராது. டயருக்கும் சஸ்பென்ஷன் கம்பிக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வெளியே தள்ளுவதுதான் மோசம். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்று 45க்குப் பதிலாக 30, 25 என்று போடுகிறவர்கள், வீல் பேரிங்கின் மேல் விழும் சுமையைக் கூட்டிக்கொள்கிறார்கள். நான்கு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசும். கனடாவில் இன்னொன்றும் உண்டு. சக்கரக் குழிக்குள் பனி அப்பி, கட்டியாக இறுகி நிற்கும். கோடையில் உரசாத டயர் அந்தக் கட்டியில் உரசும்.

2024 அக்டோபர் 12

குளச்சல் நண்பர், விண்டர் டயர் என்பது டயர் நிறுவனங்களின் விற்பனைத் தந்திரம், ஆல் சீசன் டயரே போதும் என்று எழுதியிருக்கிறார். அவர் துபாயில் பல ஆண்டுகள் கார் ஓட்டியவர். அந்த அனுபவத்தில் அவர் சொல்வது சரி. மான்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் அது பொருந்தாது. ஏன் என்பதற்கான காரணம் நம் மாவட்டத்திலேயே மரத்தில் வடிகிறது.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ரப்பர் குளிர்ந்தால் இறுகும், ஒரு வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மைக்கே போய்விடும். மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பருக்கு அந்த நிலை ஏறத்தாழ கழித்தல் 70 டிகிரி செல்சியஸில்தான் வரும். கோடை டயரின் தரைபடும் பகுதிக்குக் கலக்கும் செயற்கை ரப்பர் கலவைகளில் அது இன்னும் மேலேயே தொடங்கிவிடுகிறது; நொறுங்கும் நிலைக்கு வெகு முன்பே அவை விறைக்கத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் புட்டியிலிருக்கும் தேங்காய் எண்ணெய் ஒரேயடியாகக் கல்லாகாமல் முதலில் மங்கி, பிறகு கனத்து, அதன் பிறகு உறைவதைப் போலத்தான் இது படிப்படியாக நடக்கிறது. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் டயரை மாற்றுங்கள் என்று அங்கே சொல்வது இதனால்தான். ஏழில் தரையில் பனி இருக்காது; ஆனால் கோடை டயரின் ரப்பர் தன் பிடிப்பை இழக்கத் தொடங்கியிருக்கும். விண்டர் டயரின் கலவையில் சிலிக்காவும், குளிரிலும் வளையும் ரப்பர் வகைகளும் கூடுதலாகச் சேர்கின்றன.

ரப்பர் பாதிதான், மீதி வெட்டில் இருக்கிறது. விண்டர் டயரின் ஒவ்வொரு கட்டத்திலும், அதாவது பட்டனிலும், பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடும். அவை தரையில் படும்போது சற்றே விரிந்து பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களுக்குள் பனி அடைந்தால் அது குறையன்று. பனியைப் பனியே நன்றாகப் பிடிக்கும் என்பதால் டயரை அப்படியே வடிவமைக்கிறார்கள். நம் மழைக்கு வேண்டிய டயர் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும், விண்டர் டயர் பனியை உள்ளே பிடித்து வைக்க வேண்டும்.

இது நேற்று வந்த தந்திரமும் இல்லை. பின்லாந்தில் 1934ஆம் ஆண்டே லாரிகளுக்குக் குளிர்கால டயர் செய்தார்கள், 1936இல் கார்களுக்கான ஹக்கபெலீட்டா வந்தது. அந்தப் பெயரில் நோக்கியன் நிறுவனம் இன்றும் டயர் விற்கிறது.

பக்கச்சுவரில் பார்க்க வேண்டிய குறி: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது பட்டன் வடிவத்தை வைத்து நிறுவனமே போட்டுக்கொள்வது, சோதனை எதுவும் இல்லை. மலைக் குறிக்கு இறுகிய பனியில் இழுவைச் சோதனை உண்டு. ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாகப் பிடிக்க வேண்டும். 1999 முதல் இந்தக் குறி இருக்கிறது. சோதனை நடப்பது பனித்தரையில், கண்ணாடி போன்ற உறைகட்டியில் அன்று. ஆகவே மலைக் குறி போட்ட இரண்டு டயர்கள் உறைகட்டியின் மேல் ஒன்றுபோல நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

2024 அக்டோபர் 13

கீழே ஒருவர் டிசம்பர் 15 முதல்தான் கட்டாயம் என்று எழுதியிருக்கிறார். முன்பு அப்படித்தான் இருந்தது. கியூபெக்கில் 2008இல் சட்டம் வந்தபோது டிசம்பர் 15 என்றார்கள். 2019 முதல் டிசம்பர் 1. முடிவது மார்ச் 15. மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். மலைக் குறி இல்லாத டயர் அங்கே விண்டர் டயராகக் கணக்கில் வராது. ஜெர்மனியிலும் 2024 அக்டோபர் முதல் எம் பிளஸ் எஸ் எழுத்து மட்டும் உள்ள டயர் செல்லாது. பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் விண்டர் டயர் போட்டவர்களுக்கு 2016 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும்.

சட்டம் டிசம்பர் 1 என்பதற்காக நவம்பர் 30 வரை காத்திருக்க வேண்டாம். பட்டறைகளில் அந்த வாரம் கால் வைக்க இடமிருக்காது. அக்டோபர் கடைசியில் போடுகிறவர்கள் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

2024 அக்டோபர் 15

மஸ்தா ரிம்மை விட்டுவிட்டு யோசித்தால் வேறென்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் தேர்வு 15 அங்குல இரும்பு ரிம், 195/65R15 டயர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 205இல் 55 விழுக்காடு 112.75, அதை இரண்டால் பெருக்கி, 16 அங்குலத்துக்குரிய 406.4 மில்லிமீட்டரோடு கூட்டினால் முழு விட்டம் 631.9. 195இல் 65 விழுக்காடு 126.75, இரண்டு மடங்கோடு 15 அங்குலத்தின் 381ஐக் கூட்டினால் 634.5. வேறுபாடு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ் எதுவும் இதைப் பொருட்படுத்தாது. அதே ஆண்டுச் சிவிக்கின் விலை குறைந்த வகையில் தொழிற்சாலையிலிருந்தே இந்த அளவுதான் வந்தது. ஆகவே இது நம் கண்டுபிடிப்பு இல்லை, ஹோண்டாவே ஒப்புக்கொண்ட அளவு.

ஏன் சிறியது? ஒடுங்கிய டயர் பனியின் மேல் மிதக்காமல் அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால், பனி உருகிய பிறகு வெளிப்படும் பள்ளங்களில் ரிம் அடிபடாது. விலையும் குறைவு. தடை ஒன்றே ஒன்று: சில கார்களின் உயர் வகைகளில் முன் பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் கட்டையை அழுத்திப் பிடிக்கும் பாகம், பெரியது; அதன் மேல் 15 அங்குல ரிம் ஏறாது. எனவே அதே மாதிரிக்கு, அதே வகைக்கு அந்த ரிம் ஏறும் என்பதைக் கடையில் உறுதிசெய்துகொண்டு, முன்பக்கத்தில் ஒரு ரிம்மை வெறுமனே மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே அதில் டயரை ஏற்றச் சொல்ல வேண்டும். டயர் ஏறிவிட்ட ரிம்மைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

2024 அக்டோபர் 18

குலசேகரத்து அண்ணன் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வரும் பழைய விண்டர் டயர்களை மலிவாகக் கேள்விப்பட்டதாகவும், பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டத்து மண்சாலைக்கு அவற்றைத் தம் ஜீப்பில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். அண்ணே, வேண்டாம். கழித்தல் 20இல் வளைய வேண்டும் என்று செய்த ரப்பர் நம் சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் மேல் அழிரப்பர் போலக் கரையும். கட்டங்கள் மெத்தென்று அசைவதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், வளைவில் வண்டி கைக்கு அடங்காது. செம்மண் சேற்றுக்கு வேண்டியது அகன்ற இடைவெளியோடு பருத்த பட்டன் உள்ள டயர். விண்டர் டயரின் மெல்லிய வெட்டுகளில் சேறு அடைந்தால் வழவழப்பான டயரைப் போலாகிவிடும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு டயர் காலம் உண்டென்றால் அது மழைக்காலம்தான். ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கிறது. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் சாலையில் தண்ணீர் தேங்கும் இடங்கள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பள்ளங்களுக்குள் தெரியும் தேய்மானக் கட்டையின் உயரம் 1.6 மில்லிமீட்டர்; டயர் அதைத் தொடும் வரை ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். தேங்கிய நீரில் டயர் மிதக்கும் ஆபத்து அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. 3 மில்லிமீட்டர் ஆனதும், மழைக்காலம் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள்.

2024 அக்டோபர் 19

அதன் தொடர்ச்சியாகவே, ஸ்விஃப்டில் 17 அங்குல அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம், போட விரும்பும் மார்த்தாண்டத்துத் தம்பிக்கு. மேலே எழுதியதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் காரில் நான்கு ஓட்டை, பிசிடி 100, நடு ஓட்டை 54.1. கடைகளில் விற்கும் அலாய்கள் பல கார்களுக்கும் பொது என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். வளையம் தருகிறீர்களா என்று நீங்கள் கேட்டால்தான் தருவார்கள்.

185/65R15க்குப் பதிலாக 205/45R17 போட்டால் விட்டம் 621.5இலிருந்து 616.3க்கு வரும். அது பரவாயில்லை. ஆனால் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 92க்குக் குறைகிறது. நம் சாலைப் பள்ளங்களில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான். எடை எண்ணையும் பாருங்கள். பழைய டயரில் 88, அதாவது 560 கிலோ. அந்தப் 17 அங்குல அளவில் 84 என்று வரும் டயர்கள் உண்டு, அவை 500 கிலோதான் தாங்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 240 கிலோவை இழந்துவிட்டு, குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் புறப்படுவதை நான் ஏற்க மாட்டேன். அழகுக்காக மாற்றுவதில் எனக்குப் பகையில்லை. 16 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு, எடை எண் குறையாத டயராகத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

2024 அக்டோபர் 24

சிவிக் முன்சக்கர இழுவைதானே, முன்னால் இரண்டு விண்டர் டயர் மட்டும் போட்டால் செலவு பாதியாகுமே என்று வடசேரித் தம்பி கேட்கிறார். இந்த இழையில் நான் உறுதியாக மறுப்பது இதைத்தான். முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் பிடிக்காது. வளைவில் பிரேக்கை மிதித்தவுடன் காரின் பின்பகுதி முன்னால் வரப் பார்க்கும். நான்கும் ஒரே வகை, ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும். பணம் போதவில்லை என்றால், மலைக் குறி உள்ள ஆல் வெதர் டயர் நான்கு வாங்கி ஆண்டு முழுவதும் அதிலேயே ஓட்டலாம். சட்டத்துக்கும் அது செல்லும். கடுங்குளிரில் உண்மையான விண்டர் டயருக்கு அது ஈடாகாது, ஆனால் இரண்டு மட்டும் போடுவதைவிடப் பல மடங்கு மேல்.

2024 நவம்பர் 2

நான் கேட்டிருந்த மூன்றாவது படம் இப்போதுதான் வந்தது. மஸ்தா டயர்களைப் பற்றிய கேள்வியை அதுவே முடித்துவிட்டது. கடைசி நான்கு இலக்கம் 4213. அதாவது 2013ஆம் ஆண்டின் 42ஆவது வாரத்தில் செய்த டயர், பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. பள்ளம் ஆழமாக இருக்கிறது, அதிகம் ஓடவில்லை என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விண்டர் டயரில் நாம் விலை கொடுப்பது ரப்பரின் மென்மைக்கு. அது ஓடாமல் கிடந்தாலும் ஆண்டுகளோடு போய்விடும். கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். நகம் பதியவே இல்லை என்றும், வெட்டுகளின் அடியில் மயிரிழை போல் வெடிப்புகள் தெரிகின்றன என்றும் தம்பி எழுதியிருக்கிறார்.

ரிம்மை வளையமும் நட்டும் போட்டுச் சரிசெய்யலாம். இந்த ரப்பரை எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. டயர்களைக் கழித்துவிட்டு ரிம்மை மட்டும் எடுத்து, புது டயர், வளையம், நட்டு என்று கூட்டினால், புதிய 15 அங்குல இரும்பு ரிம்மோடு வரும் தொகையை நெருங்கிவிடுகிறது. அவர் அந்த இரண்டாவது வழிக்கே போய்விட்டார். நல்ல முடிவு.

இரும்பு ரிம்மை நான் தேர்ந்தெடுத்ததற்கு, உப்பில் துருப்பிடிக்குமே என்று ஒருவர் மறுப்பு எழுதியிருந்தார். அதைக் குறித்து மறுபடியும் யோசித்தேன். சாலையில் கொட்டும் உப்பில் இரும்பு துருவேறுவது உண்மை. கடற்கரை ஊர்களில் இருக்கும் நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அலாயும் தப்புவதில்லை. மேற்பூச்சு கீறியதும் உப்பு உள்ளே புகுந்து, டயர் உட்காரும் விளிம்பில் அரிப்பு ஏற்பட்டு, காற்று மெல்லக் கசியும். இரும்பு ரிம் அடிபட்டால் வளையும், பெரும்பாலும் காரை வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். அலாய் விரிசல் விடக்கூடும். பத்து ஆண்டு வைத்திருக்கும் எண்ணமும் கொஞ்சம் கூடுதல் பணமும் இருப்பவர் குளிர்காலத்துக்கென்றே நல்ல பூச்சுள்ள அலாய் வாங்கலாம். மாணவருக்கு இரும்புதான்.

2024 நவம்பர் 10

நாளை மாட்டப் போகிறார்களாம். பட்டறையில் அவர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

பழைய சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தில் துருப் பொருக்கு இருக்கும். கம்பித் தூரிகையால் அதைச் சுத்தமாகத் தேய்த்தெடுக்க வேண்டும். பொருக்கின் மேல் ரிம்மை வைத்து இறுக்கினால், ஓடும்போது அது பொடிந்து உதிர, நட்டு தானாகத் தளரும். புது ரிம்மின் நட்டுக் குழி என்ன வடிவம் என்று கேட்டு, அதற்கேற்ற நட்டுதான் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். சிவிக்குக்கென்று விற்றாலும் வெளிச்சந்தை இரும்பு ரிம்கள் பெரும்பாலும் கூம்புக் குழியோடுதான் வரும். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது கார் முன்னோக்கிப் போகும் திசையைக் காட்ட வேண்டும். நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் காற்றுத் துப்பாக்கியால் அன்று, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால். சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை அதே அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். பல பட்டறைகள் இதை இலவசமாகவே செய்து தருகின்றன, ஆனால் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

கழற்றிய கோடை டயர்களின் உள்பக்கத்தில் எந்தச் சக்கரம் எந்த மூலையில் இருந்தது என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, வெயில் படாத இடத்தில் ரிம்மோடு படுக்கவைத்து அடுக்கலாம். ரிம் இல்லாத வெறும் டயரென்றால் நிறுத்தி வைக்க வேண்டும்.

2024 நவம்பர் 29

முதல் பனி விழுந்தது, கார் நன்றாக நிற்கிறது, ஆனால் டயர் நான்கும் அமுங்கியிருப்பது போலத் தெரிகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். பஞ்சர் இல்லை. குளிரில் காற்று சுருங்குகிறது. ஐந்தரை டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம் குறையும். 20 டிகிரி வெப்பமுள்ள பட்டறைக்குள் 33 பவுண்டு அடித்த டயர், கழித்தல் 20இல் வெளியே நிற்கும்போது 26, 27க்கு வந்துவிடும். கதவுச் சீட்டில் உள்ள அளவு, குளிர்ந்து நிற்கும் டயருக்கானது. ஆகவே காலையில், வண்டி ஓடுவதற்கு முன், வெளியில் வைத்தே அளந்து அடிக்க வேண்டும். குளிர் கூடக்கூட மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். காற்றடிக்கும் வால்வுக்குப் பிளாஸ்டிக் மூடியே போடட்டும். பளபளப்புக்காகப் போடும் உலோக மூடி உப்பில் அரித்து வால்வோடு ஒட்டிக்கொள்ளும்.

2024 நவம்பர் 30

மார்ச் 16ஆம் தேதியே கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். சட்டம் அன்று விடுகிறது, குளிர் விடுவதில்லை. மான்ட்ரியாலில் ஏப்ரலிலும் பனி விழுவதுண்டு. காலை வெப்பநிலை ஏழு டிகிரிக்கு மேல் நிலையாக நிற்கும் வரை விண்டர் டயரிலேயே ஓட்டட்டும். அதன் பிறகு தாமதிக்காமல் மாற்றட்டும். சூடான தார்ச்சாலையில் அந்த மென்மையான ரப்பர் வீணாகத் தேயும். கழற்றும் நாளில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதி வைக்கட்டும். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், அடுத்த குளிர்காலத்துக்கு அது விண்டர் டயராக உதவாது.